ஏரிக்கரைத் தெருவுக்கு நான் செய்த ஆபரேஷன்

கணக்குத் தெரிந்தவர்களை நம்பலாம். கணக்கை நேற்றுதான் படித்து முடித்தவர்களைக் கிட்டேயே சேர்க்கக் கூடாது. எண்பதுகளின் கடைசியில், எம்.எஸ்ஸி. முடித்த கையோடு வீட்டில் உட்கார்ந்திருந்த நான் இரண்டாவது வகை. பரீட்சை முடிந்த பிறகும் எனக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது. கண்ணில் படுவதையெல்லாம் ஒன்று குறைக்க வேண்டும், இல்லையென்றால் கூட்ட வேண்டும். அம்மா சமைக்கிற வரிசையை மாற்றினால் மண்ணெண்ணெய் மிச்சமாகும் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். (அன்று எனக்கு மட்டும் சாப்பாடு தாமதமாக வந்தது.)

நான் படித்தது ஆபரேஷன்ஸ் ரிசர்ச். இருப்பது கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய என்றால், எதை எங்கே எப்படிப் பகிர்ந்து கொடுத்தால் நல்லது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் படிப்பு. இதை வீட்டில் புரியவைக்கப் படித்த காலம் முழுக்க முயன்றேன்.

"அப்போ நீ டாக்டருக்குத்தான படிக்க?" என்பாள் அம்மா.

"இல்லம்மா, இது கணக்கு."

"கணக்குல என்னட்டி ஆபரேசன்?"

அம்மாவின் அந்தக் கேள்வியை நான் அன்றே மதித்திருந்தால் எவ்வளவோ மானம் மிச்சமாகியிருக்கும்.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸிலேயே காலம் தள்ளியவர், ரிடையர் ஆவதற்குள் சொந்தமாக ஒரு கூரை வேண்டுமென்று பாரிவாக்கத்துக்குப் பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டினார். மனை விற்றவர் தன் மகளின் பெயரை வைத்திருந்ததால் அந்த இடம் சுகன்யா நகர். சுகன்யா யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவள் பெயரில் இருந்த கிணறுகள் எல்லாமே உப்பு. பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி கடல் மாதிரி கிடக்கும். எங்களுக்கோ ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தண்ணீர் லாரிதான் கதி.

லாரி நிற்கும் இடம் எங்கள் தெரு முனை, பஞ்சாயத்து பிரசிடெண்ட் வீட்டு வாசல். எங்கள் தெருவில் எல்லோரிடமும் பிளாஸ்டிக் டிரம் இருந்தது. லாரி வந்ததும் ரப்பர் குழாயைச் செருகி டிரம் டிரம்மாக நிரப்பிக்கொள்வோம். மிச்சம் மீதி இருந்தால்தான் ஏரிக்கரைத் தெருவுக்கு. அது சுகன்யா பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே இருந்த தெரு. திருமழிசைத் தொழிற்பேட்டையிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவர்களின் வீடுகள். "அந்தத் தெரு" என்று எங்கள் ஆட்கள் சொல்லும்போது அவர்கள் முகம் போகிற போக்கிலேயே மீதியெல்லாம் உங்களுக்குப் புரிந்துவிடும். அந்தப் பெண்கள் இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று குடத்தோடு அவ்வளவு தூரம் நடந்து வந்து, வெறும் குடத்தோடு திரும்பிப் போவார்கள்.

அவர்களில் லூர்து அக்கா எனக்குப் பழக்கம். பிரசிடெண்ட் வீட்டு மாட்டுக் கொட்டகையைச் சுத்தம் செய்ய வருவாள். ஒரு நாள் லாரி வறண்டு போனதும் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"ஒரே ஒரு கொடம் ஊத்தும்மா. கொயந்தைக்கு ஜொரம்."

அம்மா ஊற்றினாள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், "இப்படிக் குடுத்துப் பழக்காதீங்க. அவங்களுக்கு உப்புத் தண்ணி பழகிப்போச்சு" என்றாள்.

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. உப்புத் தண்ணீர் எந்தக் குழந்தைக்குப் பழகும்? கோபம் வந்த வேகத்திலேயே பெரிய சந்தோஷமும் வந்தது. இதுதானே நான் படித்தது! ஒரு லாரி, பல தெருக்கள், எங்கே நிறுத்தினால் எல்லோரும் நடக்கும் மொத்த தூரம் குறையும்? பாடப்புத்தகத்தில் அப்படியே இருக்கிற கணக்கு! லாரி நிற்க வேண்டிய இடத்தைக் கணக்கே காட்டிக்கொடுக்கும். கணக்குக்கு ஜாதி தெரியாது, பிரசிடெண்டைத் தெரியாது. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நான் நடந்த நடையைப் பார்த்து அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கணக்குக்கு முதலில் தலைகள் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். இங்கேதான் என் படிப்பு என்னைக் கவிழ்த்தது. 'எதற்குக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டால் ஜனங்கள் கூட்டிச் சொல்வார்கள், ஆகவே நோக்கத்தைச் சொல்லக் கூடாது' என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொல்லியிருந்தார். நான் முன்வரிசை மாணவி. எனவே கையில் ஒரு அட்டை, தோளில் ஒரு பை, பையில் தூரம் அளக்க டேப் என்று கிளம்பி, ஏரிக்கரைத் தெருவின் முதல் வீட்டு வாசலில் நின்று, மிகுந்த மரியாதையோடு இப்படிச் சொன்னேன்:

"வணக்கம். நான் ஆபரேஷன் ரிசர்ச்லேர்ந்து வர்றேன். உங்க வீட்ல எத்தனை குழந்தைங்க?"

(வாசிப்பவர்களில் அந்தக் காலத்து ஆட்கள் இப்போதே தலையில் கை வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த நாளில் எங்கள் பக்கம் 'ஆபரேஷன்' என்றால் ஒரே ஆபரேஷன்தான். குடும்பக் கட்டுப்பாடு. சுவரெல்லாம் விளம்பரம். ஆள் பிடிக்க வீடு வீடாக வருவார்கள். வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.)

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கொயந்தையே கெடியாது" என்றாள். அவள் பின்னால் கொடியில் சின்னச் சின்னச் சட்டைகளாகக் காய்ந்துகொண்டிருந்தன. நான் 'குழந்தைகள் இல்லை' என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த வீட்டில் ஒரு பெரிய அண்டா கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்டா தும்மியது.

"யாருங்க அது?"

"பூனைம்மா."

பூனை என்றே எழுதிக்கொண்டேன். ஏரிக்கரைப் பூனைகளுக்கு நீர்க்கோவை வரும் போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டேன்.

செய்தி எனக்கு முன்னால் ஓடியது. நான் தெருப் பாதியைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் எல்லாம் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஒரு அண்ணன் என்னைப் பார்த்ததும் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "எனுக்கு அப்பவே ஆய்டுச்சும்மா! பக்கெட்கூட குட்த்தாங்க! தோ, பாத்துக்கோ!"

உள்ளே ஓடிப்போய் ஒரு பழைய பிளாஸ்டிக் பக்கெட்டை எடுத்து வந்து காட்டினார். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பரிசு கொடுத்த காலம் அது. நானோ அவர் தண்ணீர் பிடித்து வைக்கிற பாத்திரத்தைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். பக்கெட்டின் வாயையும் உயரத்தையும் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க, இந்த மாதிரி எல்லாரும் ஒத்துழைச்சா நல்லா இருக்கும்" என்றேன். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

லூர்து அக்கா வீட்டில் எனக்கு நம்பிக்கை இருந்தது. பழகியவள் ஆயிற்றே. அவள் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, "எதுக்கும்மா கேக்குற?" என்றாள். என் பேராசிரியரை நினைத்துக்கொண்டு, "ரிசர்ச்சுக்கு அக்கா" என்று சிரித்தேன். "எங்க ஊட்ல நானும் அவரும்தான்" என்று கதவைச் சாத்திவிட்டாள். ஜுரம் வந்த குழந்தை யாருடையது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எழுதுகிற மும்முரம்!

எங்கள் தெருவில் நடந்தது இதற்கு நேர் எதிர். அப்பாவுக்கு என்னைப் பற்றிப் பெருமை தாங்கவில்லை. சலூனில் முகத்தில் சோப்பு நுரையோடு, "எம் மவ தண்ணி லாரிக்குக் கணக்குப் போடுதா. தல எங்க சாஸ்தியோ அங்கதான் லாரி" என்று அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார். பிறகு கேட்பானேன்! ஊரில் இருக்கும் பெரியப்பா, துபாயில் இருக்கும் மகன், பிறக்கப்போகிற பேரன் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கல்யாணக் கூட்டமே வசித்தது. பிரசிடெண்ட் காபி கொடுத்து உட்காரவைத்து, "எழுதிக்கம்மா. லச்சுமி, சரசு, நந்தினி" என்று மெதுவாகச் சொன்னார். நாங்கள் புதிதாகக் குடிவந்தவர்கள். இவருக்கு இத்தனை பெண்களா, வெளியே வரவே மாட்டார்களோ என்று நினைத்தபடி எழுதினேன்.

விடையை எல்லோர் முன்னிலையிலும் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. கரும்பலகையில் சூத்திரம் எழுதினால் யார் நம்புவார்கள்? ஆகவே அப்பாவிடம் ஒரு பலகை செய்யச் சொன்னேன். பலகையின் மேல் எங்கள் பகுதியின் வரைபடம். ஒவ்வொரு தெருவும் இருக்கும் இடத்தில் ஒரு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு நூல். மேலே எல்லா நூல்களையும் ஒரு வளையத்தில் கட்டியாயிற்று. கீழே ஒவ்வொரு நூலிலும் ஒரு துணிப் பை. பைக்குள் தலைக்கு ஒரு கோலிக்குண்டு. ஆள் அதிகமுள்ள தெருவின் பை கனமாக இருக்கும், வளையத்தைத் தன் பக்கம் இழுக்கும். விட்டுவிட்டால் வளையம் தானாக நகர்ந்து எங்கே நிற்கிறதோ, அங்கேதான் லாரி நிற்க வேண்டும். எவ்வளவு அழகான விஷயம்! இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

அப்பா தொழிற்சாலைப் பழக்கத்தில் ஓட்டைகளை வழவழவென்று போட்டுக் கொடுத்தார். பைகளை அம்மா தன் பழைய பாவாடையில் தைத்தாள்.

"நைஞ்ச துணிட்டி, பாரம் தாங்காது" என்றாள்.

"கோலிக்குண்டுதானம்மா."

"அந்த லாரி நம்ம வாசல விட்டுப் போச்சுன்னா நீதான் கொடம் தூக்கணும், பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் கூட்டம். எங்கள் தெரு ஆட்கள் முன்னால் பெஞ்சில், ஏரிக்கரைத் தெருக்காரர்கள் பின்னால் சுவரோரம். இது தண்ணீர் விஷயம் என்பது அவர்களுக்கு அன்றுதான் தெரியும். இரண்டு மேஜைகளுக்கு நடுவில் பலகையை வைத்து, கணக்கின் மகிமையைப் பற்றிப் பேசினேன். "இந்தப் பலகை யாருக்கும் பயப்படாது, யாருக்கும் சலுகை காட்டாது" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். வளையத்தைப் பிடித்திருந்த விரலை எடுத்தேன்.

வளையம் இடது பக்கம் பார்க்கவில்லை, வலது பக்கம் பார்க்கவில்லை. நேரே ஓடிப்போய் பிரசிடெண்ட் வீட்டு வாசலில் 'டக்' என்று உட்கார்ந்தது.

முன் பெஞ்ச் முழுக்க ஆரவாரம். பிரசிடெண்ட் எழுந்து நின்றார்.

"பாத்தீங்களா! படிச்ச பொண்ணு, மிஷின் வெச்சு சொல்லிடுச்சு. லாரி நிக்கிற எடம் கரெக்ட். இத்த அப்டியே தீர்மானமா எழுதிடலாம். இனிமே ஒருத்தரும் வாய் தொறக்கக் கூடாது."

இத்தனை நாள் அநியாயமாக நடந்துகொண்டிருந்ததை இனிமேல் நியாயம் என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன். அதுவும் எம்.எஸ்ஸி. முத்திரை. ஏரிக்கரைத் தெருப் பெண்கள் கிளம்பத் தொடங்கினார்கள். அழுதுவிடுவேன் போலிருந்தது.

லூர்து அக்கா மட்டும் கிளம்பவில்லை. பலகைக்குக் கீழே குனிந்து தன் தெருப் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாம்மே இது, இம்மா லேசா கீது?"

"தலைக்கு ஒரு கோலி அக்கா."

"எங்க தெருவுல இம்மாந்தான் ஜனமா?"

"நீங்க எல்லாரும் சொன்னதுதான்... நீங்களே புள்ள இல்லன்னு சொன்னீங்களே?"

"ஐய!" லூர்து அக்கா இடுப்பில் கை வைத்தாள். "எதுக்குக் கேக்குறன்னு கேட்டேனே, சொன்னியா நீ? ஆபரேஷன்னு வந்து நின்னுகினு கீற! ஆபரேஷனுக்குக் கேட்டா இல்லன்னுதான் சொல்லுவோம். தண்ணிக்குன்னு கேட்டிருந்தா வவுத்துல கீறதையும் சேத்து சொல்லியிருப்பேனே!"

பள்ளிக்கூடமே சிரித்தது. என் மண்டைக்குள் கவிழ்த்த அண்டா, கொடியில் சட்டைகள், பக்கெட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. லூர்து அக்கா அதற்குள் வாசலுக்குப் போய்க் கத்தினாள்.

"டேய், அல்லாரும் வாங்கடா! ஆபரேஷன் இல்லியாம், தண்ணியாம்!"

கோயில் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த பட்டாளம் உள்ளே பாய்ந்தது. ஜன்னல் வழியாகச் சிலது வந்தது. கோலிக்குண்டு தீர்ந்துவிட்டதே என்று நான் முழித்தபோது, அவர்களே கால்சட்டைப் பைகளிலிருந்து எடுத்தார்கள். ஒவ்வொருவராக வந்து தங்கள் தெருப் பையில் தங்கள் கோலியைத் தாங்களே போட்டார்கள். ஒரு பையன் போடும்போது தும்மினான். அந்தத் தும்மலை எனக்குத் தெரியும். (மன்னித்துக்கொள் பூனையே!)

வளையம் அசைந்தது.

"நகருது! நகருது!" என்று கத்தினேன். அப்பா பெஞ்ச் மேல் ஏறிவிட்டார். பின் சுவரோரம் நின்றவர்கள் எல்லாம் மேஜையைச் சுற்றி நெருக்கினார்கள். வளையம் பிரசிடெண்ட் வாசலை விட்டு ஒரு விரற்கடை வந்து நின்றது.

"இன்னும் நவுராதா?" என்றாள் லூர்து அக்கா.

"உங்க தெரு சரியாயிடுச்சு. எங்க தெருப் பைதான் கனமா இருக்கு" என்றேன். "பிரசிடெண்ட் வீட்லயே லட்சுமி, சரசு, நந்தினின்னு..."

"லச்சுமியா? லச்சுமி மாடும்மே! தெனிக்கும் சாணி அள்றவ நானு, எனுக்குத் தெரியாதா? மூணுமே மாடு!"

"மாடு தண்ணி குடிக்காதா?" என்றார் பிரசிடெண்ட். குரலில் பழைய கம்பீரம் இல்லை.

"முதல்ல மனுஷன் குடிக்கட்டும். எட்றா கோலியை!"

ஒரு கூட்டம் கோலிகளை எடுக்கப் போக, பிரசிடெண்ட் குறுக்கே விழுந்து பையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அம்மாவின் பழைய பாவாடை எத்தனை மழை வெயில் பார்த்தது! 'டர்ர்' என்று கிழிந்தது. துபாய் மகன், ஊர்ப் பெரியப்பா, பிறக்காத பேரன், மூன்று பசுமாடுகள் எல்லாம் தரையில் தெறித்து உருண்டன. பிரசிடெண்ட் ஒரு கோலியில் வலது காலையும் இன்னொன்றில் இடது காலையும் வைத்து, அப்படியே வழுக்கிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை.

எங்கள் தெருப் பையில் இப்போது ஒன்றுமே இல்லை. வளையம் அந்த முனையிலிருந்து விர்ரென்று கிளம்பி ஏரிக்கரைத் தெருவின் நடுவில் போய் விழுந்தது. பள்ளிக்கூடத்தின் ஓடு பறக்கிற மாதிரி ஒரு கூச்சல்.

"யம்மா! அவ்ளோ தூரம் வாணாம்மா!" தரையில் உட்கார்ந்தபடியே பிரசிடெண்ட் கையெடுத்துக் கும்பிட்டார். "நடுவுல வெச்சுக்கலாம்! தோ, இந்தப் பள்ளிக்கூட மூலையிலயே நிக்கட்டும்! ரெண்டு பேருக்கும் பொது!"

அதுவே தீர்மானம் ஆனது. ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சின் சரித்திரத்தில், பாவாடை கிழிந்து விடை வந்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை லாரி பள்ளிக்கூட மூலையில் நின்றது. டிரம்முக்கும் ரப்பர் குழாய்க்கும் அங்கே வழியில்லை, எல்லோருக்கும் குடம்தான். எங்கள் வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நானும் நின்றேன். (அம்மா சொன்ன சொல் தவறாதவள்.) லூர்து அக்கா இரண்டு குடத்தையும் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு திரும்பியபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். சரியான எண்களை வைத்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்ததில், லாரி இன்னும் கொஞ்சம் அவர்கள் பக்கம் தள்ளி நிற்க வேண்டும் என்று வந்ததை அவளிடம் மட்டும் சொன்னேன்.

"வுடு" என்றாள். "அடுத்த வெயிலுக்கு இன்னொரு பாவாடை கிழிச்சா போச்சு."

அந்த மூலைக்கு 'ஆபரேஷன் ஸ்டாப்பிங்' என்று பெயர் வந்துவிட்டது. குழாய்த் தண்ணீர் வந்து, லாரி வருவதே நின்று, வருடங்கள் போன பிறகும் ஷேர் ஆட்டோக்காரர்கள், "ஆபரேஷன்லாம் எறங்கு" என்று கத்துகிறார்கள். புதிதாக வருபவர்கள் பயந்துபோய் ஆஸ்பத்திரியைத் தேடுகிறார்கள்.

இன்னொரு விளைவும் உண்டு. மறு வருடம் அம்பத்தூரிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பெண்ணைப் பார்க்கும் முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கமல்லவா? மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸை விட்டு இறங்கி, லாரியண்டை நின்றிருந்த லூர்து அக்காவிடமே கேட்டிருக்கிறார்கள்.

"எஸ்தரா? தங்கமான பொண்ணு. அது ஒரு ஆபரேஷன் பண்ணிச்சு பாரு, எங்க தெருவே பொயச்சுக்கிச்சு!"

வந்தவர்கள் வீட்டுக்குள் நுழையும்போதே செருப்பைப் பயபக்தியோடு கழற்றினார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபியைக்கூடத் தொடவில்லை. சேலையை முழங்கால் வரை உயர்த்தி, "டாக்டரம்மா, இந்த முட்டி மட்டும் மாடி ஏறும்போது குத்துது, கொஞ்சம் பாருங்களேன்" என்றார். நான் திருந்தியிருந்தால் 'இல்லை' என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். லாரி, பலகை, வளையம், நூல் என்று ஆதியோடந்தமாக விளக்கினேன். சபை உறைந்துபோய் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கெட்டை அளந்த இடத்தில் நாற்காலியிலிருந்து நழுவியே விட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் எந்த எண்ணிக்கையையும் நேராகச் சொல்வதில்லை. விருந்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நான் கேட்டாலும், எத்தனை இட்லி என்று கேட்டாலும், அவரிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் முதலில் ஒரு எதிர்க் கேள்விதான் வரும். போன முறை மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்திருந்தார். வாசலில் நின்று, "சார், வீட்ல எத்தனை பேர்?" என்று கேட்டார். சமையலறையில் இருந்த நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் என் வீட்டுக்காரர் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"எதுக்குக் கேக்குறீங்க டீச்சர்? ஆபரேஷனுக்கா, தண்ணிக்கா?"

"தண்ணிக்குத்தாங்க!" என்று உள்ளேயிருந்தே கத்தினேன். "ஒருத்தரையும் விடாம சொல்லுங்க!"